ரேஷன்காரரிடம் கொட்டியது

ஃப்ளோரன்ஸ்: சிரிக்காதய்யா! கம்பிக்கு அந்தாண்ட நின்னுகினு இன்னா சிரிப்பு? ஜெயில்ல கீறவன் மாதிரியா கீற நீ?

ஜேக்கப்: எங்கம்மா கூத்த நெனச்சேன்மே. அப்பால... அந்த போலீஸ்காரன் இன்னா பண்ணான்?

ஃப்ளோரன்ஸ்: ஓசியில வஞ்சிரம் கேட்டான். அத்தை மீன வாலப் புடிச்சித் தூக்கி, "மூஞ்சில வாங்கிக்கிறியா நைனா, பையில வாங்கிக்கிறியா"ன்னுச்சு. சைக்கிளப் போட்டுட்டு ஓடிட்டான்.

ஜேக்கப்: எப்போ இது?

ஃப்ளோரன்ஸ்: இது... போன சனிக்கெழம.

ஜேக்கப்: ஓ. கூடைய இன்னும் அதுவேதான் தூக்கினு போவுதா?

ஃப்ளோரன்ஸ்: பின்ன? சிலுவையம்மா கூடைய வேற எவ தொடுவா? கால் நிக்கற வரைக்கும் இன்னொருத்தி தலைக்கு அத்த குடுக்காது. மார்க்கெட்டுல எல்லா பொம்பளையும் அப்படித்தானே!

ஜேக்கப்: அதான் நீ சும்மா குந்திகினு, தல வாரி கனகாம்பரம் வெச்சிகினு வந்துகீறியா?

ஃப்ளோரன்ஸ்: ஏன், வெச்சிக்கக் கூடாதா? அத்த உடு. பன்னெண்டாந் தேதி ஐகோர்ட்டுல உன் அப்பீலு வருது. பக்தவச்சலம் வக்கீல் இன்னா சொன்னாரு? "ஹார்பர் மேஸ்திரிதான் மொதல்ல கை ஓங்கினாரு, கீழ்க்கோர்ட்டு அத்த கண்டுக்கல. அஞ்சு வருஷம் ரெண்டா கொறையும்"னாரு. ஒன்றரை வருஷம் ஓடிப்போச்சு. இன்னும் ஆறே மாசந்தான்யா!

ஜேக்கப்: ம்...

ஃப்ளோரன்ஸ்: இன்னா ம்? அந்த வக்கீலு கூட இப்போ என்னப் பார்த்தா மூஞ்சத் திருப்பிக்கிறாரு.

ஜேக்கப்: கண்ணு நோவா இருக்கும்.

ஃப்ளோரன்ஸ்: வெளாடாத. நடுவுல பரோலு கிரோலுன்னு எதையாவது எழுதிக் குடுத்துடாத. அப்பீல் நடக்கசொல்லோ பரோல் கெடையாது, வேணும்னா அப்பீல வாபஸ் வாங்கணும்னு ஜெயில் சூப்ரண்டு சொன்னாரில்ல?

ஜேக்கப்: கிறிஸ்மஸுக்குக் கேட்டப்போ சொன்னாரு. எனக்கு இப்போ எதுக்கு பரோலு? அம்மா நல்லாத்தானே கீது?

ஃப்ளோரன்ஸ்: கல்லு மாதிரி கீது.

ஜேக்கப்: வூட்டாண்ட... யாராச்சும் வந்தாங்களா?

ஃப்ளோரன்ஸ்: யாரு வருவாங்க? ஆங், செவ்வாக்கெழம ஒரு ரேஷன்காரரு வந்தாரு. கண்ணாடி, தோல் பை. வூட்டுல எத்தினி பேரு, பெரியம்மா எப்படி கீறாங்கன்னு கேட்டு எழுதிக்கினாரு.

ஜேக்கப்: நீ இன்னா சொன்ன?

ஃப்ளோரன்ஸ்: உன்கிட்ட சொன்னதத்தான். கல்லு மாதிரி கீதுன்னு.

ஜேக்கப்: அடிப்பாவி!

ஃப்ளோரன்ஸ்: இன்னாயா? ஏன் இப்படி வேர்க்குது உனக்கு?

வார்டர் சௌக்கத் அலி: ஜேக்கப், சத்தம் போடாத. ரெண்டு நிமிஷந்தான் கீது.

ஜேக்கப்: இதோ வார்டரய்யா... ஃப்ளோரா, என்னப் பாரு. நெஜமாவே அவருகிட்ட அப்படியா சொன்ன?

ஃப்ளோரன்ஸ்: ரேஷன்காரருகிட்ட நான் இன்னா சொன்னா உனக்கின்னா?

ஜேக்கப்: ராயப்பர் கோயில் மேல ஆணையா சொல்லு.

ஃப்ளோரன்ஸ்: ஆணையெல்லாம் எதுக்குய்யா?

ஜேக்கப்: ஃப்ளோரா.

ஃப்ளோரன்ஸ்: இல்லய்யா... அப்படிச் சொல்லல. யாரோ எவரோதானேன்னு, உன்கிட்ட சொல்ல முடியாததெல்லாம் அவருகிட்ட கொட்டிட்டேன். அத்தை படுத்து ஏழு வாரம் ஆவுது. ஒரு பக்கம் கை கால் வரல. ஆஸ்பத்திரில, வூட்டுக்கே இட்டுனு போயிடுங்கன்னுட்டாங்க. கஞ்சிகூட எறங்கல. "சேக்கப்பு வந்துட்டானா"ன்னு மட்டும் கேக்குது... அந்த ஆளே கண்ணாடியக் கழட்டித் தொடச்சிக்கினாரு.

ஜேக்கப்: எல்லாத்தையும் சொல்லிட்டியா? எழுதிக்கினாரா?

ஃப்ளோரன்ஸ்: ரெண்டு பக்கம் எழுதினாரு. உனக்குத் தெரிஞ்சா நீ அப்பீல உட்டுட்டு ஓடியாந்துடுவன்னு, படுத்த புதுசுலயே அத்தைதான் என்கிட்ட சத்தியம் வாங்கிச்சு. போலீஸ்காரன் கதகூட நான் வாக்கப்பட்டு வர்றதுக்கு முந்தி நடந்தது, மார்க்கெட்டுல சிவந்தி சொன்னா... ஏன்யா மறுபடியும் சிரிக்கற? உங்கம்மா சாவக் கெடக்குது, பைத்தியமா உனக்கு?

சௌக்கத் அலி: டைம் ஆயிடுச்சு. கெளம்பும்மா.

ஜேக்கப்: அந்த சைக்கிள ஸ்டேஷனாண்ட கொண்டுபோய் உட்டதே நான்தான்மே! போன மாசம் நீ வந்தப்போ உன் தலையில மீன் செதிள் ஒட்டிக்கினு இருந்துச்சு. அம்மா கூடை உன் தலைக்கு வந்துடுச்சுன்னு அன்னிக்கே புரிஞ்சிபோச்சு. மறுநாளே அப்பீல வாபஸ் வாங்கி, பரோலுக்கு எழுதிக் குடுத்துட்டேன், அதான் வக்கீலு மூஞ்சத் திருப்பறாரு. செவ்வாக்கெழம வந்தவர நீயாத்தான் ரேஷன்காரருன்னு நெனச்சிக்கின, அவரு பரோலுக்கு விசாரிக்க வந்த ஆபீசரு. சாயந்தரம் சூப்ரண்டு முடிவு சொல்றாரு, நீ கொட்டினதே போதும்... அழாதமே. ஜல்தியா போய் அம்மா காதுல சொல்லு, சேக்கப்பு வந்துகினே கீறான்னு.