நாலு நிமிஷம் வெறும் காத்து

நீங்க கேட்டதுல ஒண்ணும் தப்பில்லைங்க தம்பி. பஸ்ஸுன்னா பாட்டு போட்டே ஆவணும்னு எவன் எழுதி வெச்சான்? காலங்காத்தால குத்துப்பாட்டு. நெஞ்சுல வந்து இடிக்குது. கொறைச்சு வைய்யான்னு கேட்டா அந்தக் கண்டக்டரு மூஞ்சியத் தூக்கிக்கினு போறான். ஆனா கொறைச்சான் பாத்தீங்களா, உங்க குரலுக்கு. நல்ல கட்டைக் குரலுங்க உங்களுது. கடைசி சீட்டுல இருந்த எனக்கே ஒவ்வொரு வார்த்தையும் வந்து விழுந்துச்சு. அதான் எழுந்து வந்தேன். நான் அப்படி யார் பக்கத்துலயும் வலிய வந்து உக்கார்ற ஆளு இல்ல. கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகந்துக்கோங்க. ஆங், இப்ப சரி. என் பக்கம் திரும்பிப் பேசுங்க, போதும்.

திண்டிவனந்தானே? மாமியார் வூட்டுக்கா. அப்ப கோவத்தை இங்கயே எறக்கி வெச்சிட்டுப் போங்க. நானும் திண்டிவனந்தான். எனக்கு மாமியார் வூடு இல்ல, பஞ்சாயத்து. சொத்துப் பஞ்சாயத்து இல்லைங்க. பாட்டு. ஒரு பாட்டுக்குப் பஞ்சாயத்து. சிரிங்க, சிரிங்க. என் வூட்டுக்காரி லூர்துமேரியும் அப்படித்தான் சிரிச்சா.

என் பேரு சவுரிராயன். விழுப்புரத்துல பேண்டு செட்டுல சைடு டிரம்மு வாசிச்சவன். கல்யாணம், சாவு, கோயில் தேரு, எல்லாத்துக்கும். படிப்பு அஞ்சாவதோட நின்னுபோச்சு. எண்ணத் தெரியும். டிரம்முக்காரனுக்கு அது போதும். எங்க வேலைல ரெண்டு ரெண்டா எண்ணினா பொழைச்சிக்கலாம், மனுசனுக்குக் காலு ரெண்டுதானே.

என் மச்சான் ராயப்பன் பொம்மையார்பாளையத்துல ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல தோட்ட வேலை பாத்துக்கினு இருந்தான். வெள்ளைக்காரரு ஒருத்தரு காலி பண்ணிக்கினு போனப்ப ஒரு கேசட்டை உட்டுட்டுப் போயிட்டாரு. பேரு இல்ல, எழுத்து இல்ல. ராயப்பன் எடுத்தாந்து எனக்குக் குடுத்தான். போட்டுக் கேட்டா டிரம்மு வாசிக்கறவன் தடுக்கறான். ஒவ்வொரு ரவுண்டுலயும் ஒரு அடி கம்மியா வெச்சிட்டுத் திரும்பிடறான். குடிச்சிட்டு வாசிக்கறான்டா இவன்னு சொன்னேன். மறுபடி போட்டேன். அதே எடத்துல தடுக்கறான். மறுபடி போட்டேன். அதே எடம். தப்பு பண்றவன் ஒரே எடத்துல பிசகாம தப்பு பண்ண மாட்டான் தம்பி. விரலு விட்டு எண்ணினேன். ஏழு. ஏழு ஏழா வாசிக்கறான். ரெண்டு காலு வெச்சிக்கினு எவனும் நடக்க முடியாத தாளம். எனக்கு சாப்பாடு எறங்கல அன்னிக்கு.

அந்த வகைக்குப் பேரு புரோக்ரெஸிவ் ராக்குன்னு தெரியறதுக்கே எனக்குத் தலை நரைச்சிடுச்சு. பாண்டிச்சேரில கேசட்டை போன்ல ஏத்திக் குடுக்கற கடைக்காரரு சொன்னாரு. அவருதான் வாட்ஸ்அப் குரூப்புல சேத்து விட்டவரு. விழுப்புரம், திண்டிவனம், பாண்டி, மெட்ராசு, ஒரு இருவது பேரு. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்ததில்ல. இந்த ராக்குல எல்லாருக்கும் தெரிஞ்ச நாலஞ்சு பேண்டு இருக்குதில்ல, அதைப் பத்திப் பேசக் கூடாது. எவனும் கேட்டிராத பேண்டா பாத்துச் சொல்லணும். அதான் குரூப்பு.

சொல்றவனுங்களப் பத்திச் சொல்லவா? வேணாம், சொன்னா வாய் நாறிடும். சரி கேளுங்க. அலெக்ஸுன்னு ஒருத்தன், மெட்ராசுல கம்ப்யூட்டரு வேலை. அவனுக்குப் பாட்டு முக்கியம் இல்ல, எத்தினி பேரு கேட்டிருக்கான்றதுதான் முக்கியம். உலகத்துலயே நூறு பேருதான்ணே கேட்டிருக்கோம்னு எழுதுவான். ஏன் நூறு பேருதான் கேட்டான்னு கேட்டுப் பாத்தாத்தானே தெரியுது. அந்த நூறுல பாதி வாசிச்சவன் சொந்தக்காரனா இருப்பான். இன்னொருத்தன் வாயே தொறக்க மாட்டான், பாட்டை அனுப்பிட்டு நெருப்புப் படம் போடுவான். அவன் போட்ட நெருப்புல ஒரு கல்யாணத்துக்குச் சோறு ஆக்கலாம். இன்னும் ஒருத்தன், பத்து வாட்டி கேளுங்க அப்பதான் புடிக்கும்ன்னுவான். பத்து வாட்டி தின்னா கசப்பு மருந்து கூடத்தான் பழகிப்போவும். பேஜாரு புடிச்சவனுங்க.

விக்கிரவாண்டி இன்னும் வரல. இது முண்டியம்பாக்கம். அதோ, ஆஸ்பத்திரி. போன வாரம் கூட இங்க வந்தேன். சும்மாதான். ஒரு டெஸ்ட்டு. விடுங்க, அது கெடக்குது.

தேவா மட்டும் வேற ஆளு. திண்டிவனத்துல வெல்டிங் பட்டறை வெச்சிருக்காரு. அவரு ஒரு பேண்டு சொன்னா நான் அன்னிக்கு வேற வேலை வெச்சிக்க மாட்டேன். பெருசா எழுத மாட்டாரு. சவுரிண்ணே, பதினோராவது நிமிஷம் வர்றப்ப கைல இருக்கறதைக் கீழ வெச்சிடுங்க. அவ்ளோதான் எழுதுவாரு. பதினோராவது நிமிஷம் வரும், கைல இருக்கறது தானா கீழ விழும். பின்லாந்துக்காரனுங்க, போலந்துக்காரனுங்க, சிலின்னு ஒரு நாடாம், அங்க நாலு பேரு. பேரெல்லாம் என் வாய்ல நுழையாது, நாட்டை வெச்சுத்தான் எனக்கு அடையாளம். எல்லாம் தேவா காட்டினது. ஆறு வருஷமா அவருதான் என் காதுக்குச் சோறு போட்டுக்கினு இருக்காரு.

குரூப்புல ஒரு கட்டுப்பாடு உண்டு. சாட்சின்னு சொல்லுவோம். ஒருத்தரு ஒரு பேண்டைச் சொன்னா, எல்லாரும் முழுசா கேக்கணும். கேட்டுட்டு என்னா கேட்டேன்னு அவனவன் சொந்த வார்த்தைல எழுதணும். எந்த எடத்துல மாறுது, எது நிக்குது, எது வருது. கேக்காம எழுதினா பொய்சாட்சி. அவனை குரூப்புல இருந்து எடுத்துடுவாங்க. வேங்கடேசன்னு ஒரு வாத்தியாரு இருந்தாரு. எங்கயோ இங்கிலீஷுல எழுதினதைத் திருப்பிப் போட்டு எழுதிட்டாரு. அஞ்சஞ்சா எண்ண வேண்டிய எடத்தை ஆறுன்னு எழுதியிருந்தாரு. நான்தான் புடிச்சேன். வேலைக்கு நடுவுல கேட்டேன்ணே, மன்னிச்சுக்கோங்கன்னாரு. நான் உடல. வேலை இருக்கறவன் வேலையப் பாரு, இங்க காது இருக்கறவன் இருந்தா போதும்னு எழுதினேன். அன்னிக்கே எடுத்துட்டாங்க.

கரெக்டுதானே? என்னா? மெதுவா சொல்லாதீங்க, டயரு சத்தத்துல ஒண்ணும் புரியல. ஓ, பாவமா. பாவம் பாத்தா பாட்டு கேக்க முடியாது தம்பி.

இப்ப பஞ்சாயத்துக்கு வர்றேன். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி தேவா ஒரு பேண்டு அனுப்பினாரு. ஹங்கேரிக்காரனுங்க. ஒரே பாட்டு, பத்தொம்பது நிமிஷம். இந்தத் தடவ வேற மாதிரி எழுதியிருந்தாரு. சவுரிண்ணே, நான் கேட்டதுலயே இதுதான், இதுக்கு மேல எனக்குச் சொல்றதுக்கு இல்லன்னு. நான் கேட்டேன். முன்பாதி நல்லாத்தான் வாசிச்சானுங்க. ஏழு, அப்புறம் பதினொண்ணு, அப்புறம் மறுபடி ஏழு. எட்டாவது நிமிஷத்துல எல்லாம் நின்னுபோச்சு. டிரம்மு இல்ல, கிதாரு இல்ல. ஒண்ணும் இல்ல. நாலு நிமிஷம். நான் எண்ணிக்கினே இருந்தேன், பன்னெண்டாவது நிமிஷத்துல டிரம்மு மறுபடி வந்து விழுது. நடுவுல சும்மா ஓடுது. போன் கெட்டுப்போச்சான்னு பாத்தேன். மறுபடி போட்டேன். அதே எடம். மறுபடி போட்டேன்.

எப்பவும் மொதச் சாட்சி என்னுதுதான். எழுதினேன். வாசிக்கத் தெம்பில்லாதவனுங்க நடுவுல நாலு நிமிஷம் வெறும் காத்தை வித்திருக்கானுங்க, இதைப் போய் தேவா தூக்கி வெச்சிக்கினு ஆடறாரேன்னு. இப்பல்லாம் எந்தப் பாட்டுலயுமே டிரம்மு மேல இருக்கற பித்தளைத் தட்டு சத்தம் கூட ஒழுங்கா பதிய மாட்டேன்றானுங்க, எல்லாம் சோம்பேறிங்கன்னு அதையும் சேத்து எழுதினேன்.

அப்புறம் அந்த அலெக்ஸு எழுதறான். அண்ணன் எட்டாவது நிமிஷத்துல தூங்கிட்டாரு போல, வேங்கடேசன் சாரையே எடுத்தீங்களே, இவருக்கு மட்டும் வேற சட்டமான்னு. என்னை. கேக்காம எழுதிட்டேனாம் நான். மூணு பேரு ஆமான்னு கை தூக்கற படம் போட்டானுங்க. தேவா மட்டும், யாரும் ஒண்ணும் எழுத வேணாம், ஞாயித்துக்கெழம என் பட்டறைல எல்லாரும் வாங்க, சேந்து உக்காந்து கேப்போம், அண்ணன் வாயால சாட்சி சொல்லட்டும்னாரு. எனக்கு மட்டும் தனியா ஒண்ணு எழுதினாரு. நீங்க கேக்காம எழுத மாட்டீங்கண்ணே, எனக்குத் தெரியும், ஆனா அந்த நாலு நிமிஷத்துக்காகத்தான் உங்களுக்கு அனுப்பினேன்னு.

அதான் இன்னிக்கு.

மல்லாட்டை வேணாம்பா, போ. நீங்க வாங்கிக்கோங்க தம்பி, வறுத்த வேர்க்கடலைதான். எனக்கு வாய்ல ஒண்ணும் எறங்காது இன்னிக்கு.

பயமா? அலெக்ஸுக்கா? அவனெல்லாம் ஒரு ஆளு. எடுத்தா எடுக்கட்டும்னு விட்டுட்டு உக்காந்துக்கலாம் தம்பி, ஆனா அப்புறம் எவன் எனக்கு வந்து, சவுரிண்ணே, ஹங்கேரில நாலு பேரு இருக்கானுங்கன்னு சொல்லுவான்? எங்க தெருவுல? கோயில்ல? என் வயசுல இருக்கறவனுங்க சுகரு மாத்திரை பேரத்தான் சொல்றானுங்க.

கூட்டேரிப்பட்டு தாண்டிடுச்சு. இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்குது. ஜல்தியா சொல்லிடறேன்.

அந்த வாரமே வூட்டுல பருப்பு அடிப்புடிச்சிடுச்சு. கூடத்துல நான்தான் இருந்தேன். லூர்துமேரி தோட்டத்துல இருந்து ஓடி வந்து, குக்கரு கத்திக்கினே இருக்குது, கல்லு மாதிரி உக்காந்திருக்கியேன்னு கையாட்டறா. எனக்கு ஒரு விசிலும் வரல. அவளுக்கு எரிச்சலு. பேசாம போனா. அவ இப்பல்லாம் அப்படித்தான். பேச்சைக் கொறைச்சிக்கினா. கல்யாணமான நாள்ல இருந்து வாய் மூடாதவ, ரெண்டு வருஷமா வாய் அசையுது, ஒண்ணும் வெளிய வரல. வயசாச்சு, அடங்கிட்டான்னு நானும் விட்டுட்டேன். நிம்மதின்னு கூட நெனச்சேன்.

முண்டியம்பாக்கத்துல ஒரு டெஸ்ட்டுன்னேன் இல்ல. கண்ணாடிப் பொட்டி ரூமுல உக்கார வெச்சு, சத்தம் வந்தா கை தூக்குங்கன்னாங்க. கட்டை சத்தத்துக்கெல்லாம் கரெக்டா தூக்கினேன். அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணும் வரல. முடிஞ்சிடுச்சு போலன்னு நானா எழுந்து வந்துட்டேன். முடியலையாம். வந்துக்கினேதான் இருந்துச்சாம். காதுகிட்டயே வெச்சு அடிச்ச டிரம்மு, மேல இருக்கற சத்தத்தையெல்லாம் தின்னுடுச்சாம். கீச்சுக் குரலு, விசிலு, தட்டு, எதுவும் இல்ல. கட்டைக் குரலு நல்லா கேக்கும்னாங்க. மிஷினு வெச்சாலும் போனதுல பாதிதான் வருமாம். நான் இன்னும் வூட்டுல சொல்லல. லூர்துமேரிகிட்ட இந்தப் பாட்டைக் குடுத்து கேட்டுச் சொல்லுன்னு கேட்டிருக்கலாம். கேட்டா சொல்லுவா. அவ சொல்றது எனக்குக் கேக்கணுமே. அவளுது கீச்சுக் குரலு.

நெட்டுல தேடினேன். அந்த ஹங்கேரிக்காரனுங்களப் பத்தி ஒருத்தன் கூட எழுதல.

அதனால தம்பி, இந்தாங்க. இந்த இயர்போனைக் காதுல வெச்சிக்கோங்க. ரெண்டு பக்கமும். துடைச்சுத்தான் வெச்சிருக்கேன். உங்களுக்கு ராக்கு தெரிய வேணாம், காது இருந்தா போதும். எட்டாவது நிமிஷத்துல கொண்டாந்து நிறுத்தி வெச்சிருக்கேன். அங்க என்னா இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க, நான் பட்டறைல அதைச் சொல்லிடறேன். பொய்சாட்சியா? ஆமாங்க. வேங்கடேசன் பண்ணதுதான். தெரியுது எனக்கு. செவிடனுக்கு எவன் பாட்டு அனுப்புவான், சொல்லுங்க?

போடறேன்.

இப்ப டிரம்மு ஓடுதா? அஞ்சு, ஆறு, ஏழு. நின்னுச்சா? ஆங். இனிமேதான். கேளுங்க.

ஒண்ணும் இல்லையா? இருக்குதா?

என்னாங்க தம்பி கண்ண மூடிக்கினீங்க. தூங்கிடாதீங்க. என்னா இருக்குது?

கட்டையா சொல்லுங்க.

பொம்பளையா? ஒரு பொம்பளையா? மேளம் கீளம் எதுவுமே இல்லாம, தனியாவா? நாலு நிமிஷமுமா?

என்னா பாடறா?

வார்த்தையே இல்லையா. சும்மா குரலுதானா. எப்படி, மெல்லிசாவா? மெல்லிசா, மேல.

சரி.

இல்லைங்க, எடுக்காதீங்க. எனக்குத் தெரிஞ்சிடுச்சு, ஆனா எடுக்காதீங்க. ஊரு வந்தா நான் தட்டறேன். அவ பாடி முடிக்கட்டும்.