மினிக் காரின் இடது பூட்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பேசுவதைக் கேட்டு, இந்த மனுஷி பெரிய மெக்கானிக் போலிருக்கிறது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் தம்பி மகாதேவா சொல்லித் தந்ததுதான்.

மகாதேவா கோலா சிலாங்கூருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. அப்பாவும் அம்மாவும் போன பிறகு கிராணி வீட்டில் நானும் அவனும்தான். ஊரெல்லாம் புதிதாக வந்த சாகா காருக்குப் பேர் பதிந்துவிட்டுக் காத்திருந்தபோது, அவன் மட்டும் தன் பழைய மினியைக் கட்டிக்கொண்டு அழுதான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் காருக்கடியில் படுத்துவிடுவான். வெளியே பாதங்கள் மட்டும் தெரியும். கூப்பிட்டால் கட்டைவிரல் ஆடும். தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டால் எல்லா விரலும் ஆடும். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் இருந்ததுபோல் நான் வேறு எப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை.

அந்தக் காரை இழுப்பவை முன்சக்கரங்கள். இன்ஜினிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டில், சக்கரத்துக்குக் கிட்ட ஒரு மூட்டு உண்டு. மூட்டுக்குள் கிரீஸ். கிரீஸ் வெளியே போகாமலும் மண் உள்ளே வராமலும் இருக்க, மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை. அதைத்தான் பூட் என்கிறார்கள். ரப்பர் பழசானால் வெடிக்கும். கிரீஸ் தெறித்துப்போகும், செம்மண் உள்ளே புகும், வளைவில் திரும்பும்போது டக் டக்கென்று சத்தம் வரும். அப்படியே ஓட்டினால் ஒரு நாள் மூட்டு உடையும். இன்ஜின் உறுமிக்கொண்டே இருக்க, கார் நகராமல் நிற்கும். ரப்பரால் சோறு தின்கிற கிராணிக்கு ரப்பராலேயே சோதனை என்று நான் கேலி செய்வேன்.

முதல் தடவை பூட் தானாகத்தான் வெடித்தது. அவன் சக்கரத்தைக் கழற்றி, தண்டை உருவி, மூட்டை மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கிரீஸ் அடைத்து, புதுப் பூட்டை மாட்டி இறுக்குவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அதனால் அன்றைக்குச் சபாக் போக முடியவில்லை. சபாக்கில் ரமணி இருந்தாள்.

ரமணியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. தையல் டீச்சர். அடக்கமான பிள்ளை. அவள் அப்பா ரெங்கசாமி, அங்கே ஒரு தோட்டத்தில் கூலியாட்களை வேலை வாங்கும் மண்டோர்; நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். அதையெல்லாம் நான் பார்ப்பவள் இல்லை. அவள் வீட்டுக்கு வந்தபோது குடித்த டம்ளரை நான் தனியாக எடுத்து வைத்தது, அதில் லேசாக விரிசல் இருந்ததால்தான்.

பெண் கேட்டுப் போக நாள் குறித்தார்கள். தாய் ஸ்தானத்தில் தட்டு ஏந்த வேண்டியவள் நான். நாள் சற்றுத் தள்ளித்தான் இருந்தது. கார் கழுவுகிற சாக்கில், பழம் வெட்டும் கத்தியால் இடது பூட்டின் மடிப்பில் ஒரு கீறல் போட்டேன். வலது பக்கம் சுவரோடு ஒட்டி நின்றது, கை போகவில்லை. மிச்ச வேலையை எங்கள் தோட்டத்துச் செம்மண் பாதை பார்த்துக்கொண்டது.

"அக்கா, திரும்பேக்கை ஒரு சத்தம் கேக்குதெல்லோ?" என்றான் ஒரு நாள்.

"எனக்கொண்டும் கேக்கேல்லை. கலியாணக் கனவிலை உனக்கு எல்லாமே மேளமாத்தான் கேக்கும்."

வெட்கப்பட்டுச் சிரித்தான். அதோடு விட்டுவிட்டான்.

சிகிஞ்சான் வயல்களுக்கு நடுவே மூட்டு உடைந்தது. மடியில் தட்டோடு நான் அமைதியாக உட்கார்ந்திருந்தேன். ஒரு நெல் லோரியில் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் கழிந்து ராகு காலம் பிறந்திருந்தது. ரெங்கசாமி மோர் கொடுத்தார். "மனசுல ஒன்னும் வச்சுக்காதீங்கம்மா. இன்னொரு நாள் பாத்துக்கலாம் லா."

இன்னொரு நாளும் வந்தது. மகாதேவா மூட்டையும் பூட்டையும் புதிதாக மாற்றியிருந்தான். நான் கத்தியை மாற்றவில்லை. இந்த முறை சிகிஞ்சானுக்கு முன்னால் வரும் தஞ்சோங் காராங்கைக்கூடத் தாண்டவில்லை. விஷயம் தெரிந்து வந்த ரெங்கசாமிக்கு முகம் செத்துப்போயிற்று.

"பொண்ணு கேட்டு வர்ற வழியிலயே ரெண்டு வாட்டி மொடங்கிப் போச்சு. சாமிக்கே இஷ்டம் இல்லம்மா. நம்ம என்னா செய்ய முடியும்?"

அவர் சொன்னது எனக்கும் சரியென்றே பட்டது. சாமிக்கும் சில சமயம் கையாள் தேவைப்படுகிறது, அவ்வளவுதான். அன்று மகாதேவா சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து அழுதான். பார்க்கப் பாவமாக இருந்தது. அவனுக்குப் பிடித்த சொதி வைத்துக் கொடுத்தேன்.

ஆனால் தையல் டீச்சர் கெட்டிக்காரி. "சகுனம் காருக்குத்தானே? நான் பஸ்ஸுல வந்துர்றேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். சொன்னபடியே அப்பாவை மீறிப் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கோலா சிலாங்கூரில் பதிவாளர் முன்னால் கலியாண எழுத்து நடந்தது. நான்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். நல்ல பேனா, மை கசியவே இல்லை.

இன்று காலை இருவரும் கேமரன் மலைக்குப் புறப்பட்டார்கள். மகாதேவா பட்டுத் தெளிந்தவன், படுத்து டார்ச் அடித்து இரண்டு பூட்டையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தான். ரமணி முன்சீட்டில் ஏறினாள். அது நான் உட்காரும் இடம். அவளுக்கு அது தெரியாது, பாவம்.

தூரப் பயணமென்றால் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பது என் வேலை. பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி, சக்கரம் சக்கரமாகக் குனிந்து வைத்தேன். பூட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு ரப்பர் குழாய் உண்டு. "பிரேக் எண்ணெய் போறது அக்கா, அதிலை கை வைச்சிடாதேங்கோ" என்று அவனே ஒரு தடவை சொல்லியிருக்கிறான். அது பூட்டைவிடக் கெட்டி. கத்தியை அழுத்தி இழுக்க வேண்டியிருந்தது. முழுக்க வெட்டவில்லை, எனக்கும் மனச்சாட்சி இருக்கிறது. "கவனமாப் போயிட்டு வாங்கோ" என்று கையும் காட்டினேன்.

என் கை பட்டபோதெல்லாம் அந்தக் கார் நின்றுதான் இருக்கிறது, யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. இன்றைக்கும் எங்காவது நின்றிருக்கும். மகாதேவா திரும்பி வந்துகொண்டிருப்பான். எனக்கும் அவனுக்கும் அரிசி களைந்து போட்டுவிட்டேன்.