ஏழாம் நம்பர் சீட்டு

— டப்பாவைக் கவிழ்க்கச் சொன்னா கவிழ்க்கணும், கடிகாரக்காரரே! கையை எடுங்க!

— சத்தம் போடாதீங்க, தையல்காரம்மா. குலுக்கல்னா அப்படித்தான்.

— எப்படி? பன்னெண்டு கடை, மாசம் ஒரு குலுக்கல். பதினாலு மாசத்துல வாசல் பக்கத்து மூலைக்கடை எனக்கு ஒரு தடவைகூட விழல. இந்த இஸ்திரியக்காவுக்கு ரெண்டு தடவை!

— என்னை ஏன்டி இழுக்கிற? நான் பாட்டுக்குத் துணி தேய்க்கிறேன். காது திறந்திருந்தா நானா பொறுப்பு?

— பதினாலு தடவையும் வராமப் போக நூத்துக்கு முப்பது வாய்ப்பு இருக்குங்க. போன மாசம் யாருக்கு விழுந்துச்சுன்னு சீட்டுக்கு ஞாபகமா இருக்கும்?

— சீட்டுக்கு இல்ல, எனக்கு இருக்கு! உள்ளே இருட்டுல தைக்கிறவளைத் தேடி எவ வருவா? இந்த மாசமும் விழலைன்னா மிஷினைத் தூக்கிக்கிட்டு அண்ணன் ஊருக்கே போயிடுவேன்.

— போயிடுவீங்களா?

— ஏன் தம்பி, முகம் இப்படி வெளுக்குது? அடியே, கவுத்துடு டப்பாவை!

— ஒண்ணு, ரெண்டு... பதினொண்ணுதான் இருக்கு. என் ஏழாம் நம்பர் எங்கே?

— என் சட்டைப் பையில.

— பதினாலு மாசமாவா?

— எத்தனை மாசம் வரைக்கும் யாருக்கும் சந்தேகம் வராதுன்னு கணக்குப் போட்டேன்.

— அடப்பாவி! என் பொழைப்புல மண்ணைப் போட, நான் உமக்கு என்னய்யா செஞ்சேன்?

— நீங்க மூலைக்குப் போயிட்டா என் பக்கத்துக் கடையில யாரு இருப்பா?

— வாயில என்னடி கொழுக்கட்டையா? வாரத்துக்கு ஒரு பட்டன் இவருக்கு அறுந்துச்சே, அதுக்கு நூத்துக்கு எத்தனைன்னு கேளு!

— பட்டனும் நீங்களே அறுத்ததா?

— உங்க கத்தரிக்கோலாலதான்.

— சிரிக்க வைக்காதீங்க, கோவமா இருக்கேன். சீட்டை உள்ளே போடுங்க. விழுந்தா மூலைக்கடைக்குப் போறேன். விழலைன்னா உங்க பக்கத்துலயே கிடக்கேன். அக்கா, நீங்க எடுங்க.

— இதோ... ரெண்டாம் நம்பர்! அட, என் கடை!

*

— இஸ்திரியக்கா, ஜாக்கெட் தைக்கக் கொடுக்கணும். அந்தத் தையல்காரம்மா எங்கே?

— கடிகாரக்காரரைக் கட்டிக்கிட்டா. நடுச்சுவரை இடிச்சு ரெண்டு கடையையும் ஒண்ணாக்கிட்டாங்க. போ, சிரிப்புச் சத்தம் கேக்குற பக்கமா போ.

— அந்தக் குலுக்கல் கதையை நானும் கேள்விப்பட்டேன். நல்லவேளை, அன்னிக்கு அவ சீட்டு விழல!

— யாரு சொன்னா? ஏழாம் நம்பர்தான் விழுந்துச்சு. அதுங்க ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்த்துக்கிட்டு நின்ன நேரத்துல, இஸ்திரிப் பெட்டிக் கரியில போட்டுட்டேன்.