கன்னத்தில் இரண்டு துளி

பெர்கனில் வெயில் அடித்தால்தான் என் கிளினிக்கில் கூட்டம். மழை நாட்களில் யாரும் கண்ணாடிக்கு அவ்வளவு அருகில் போவதில்லை. கத்தி கிடையாது, மயக்க மருந்து கிடையாது. மெல்லிய ஊசியில் துளி மருந்து. சுருக்கம் போடும் தசை சில மாதம் ஓய்வெடுக்கும், அவ்வளவுதான்.

என் தங்கை இங்வில்ட் ஒஸ்லோவிலிருந்து மாதம் ஒருமுறை அம்மாவைப் பார்க்க வருவாள். அம்மாவின் பிறந்தநாளுக்கு முந்தைய வருகையில் கிளினிக்குக்கும் வந்தாள்.

“கண்ணோரத்தப் பாருக்கா, கோழி கிளறின மாதிரி இருக்கு. போட்டோவுக்கு முன்னாடி ஏதாவது பண்ணு.”

“நெத்தியில டிராம் தண்டவாளமே ஓடுதே, அத விட்டுட்டியே.”

“உன் நாக்குக்கு ஊசி போட ஆள் இல்லாமப் போச்சு” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். என்னை முழுதாக நம்புகிறவள்.

அம்மாவுக்குக் காது போய்விட்டது. எழுத்தைப் படிக்கப் பார்வையும் போதாது. அருகில் உட்காருகிறவரின் முகத்தையும் உதட்டையும் வைத்தே பேச்சைப் புரிந்துகொள்வாள். தினமும் குளிப்பாட்டியதும் மீன் சூப் ஊட்டியதும் நான். இங்வில்ட் வந்து மூக்கைச் சுளித்துப் பாதிரியாரைப் போல நடித்தால், அம்மா கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். ஒருமுறை என் கன்னத்தைத் தட்டி, “உன் மூஞ்சி பூட்டின கடை மாதிரி இருக்குடி, டோருன்” என்றாள். நானும் சிரித்தேன். உவமை நன்றாகத்தான் இருந்தது.

அன்று இங்வில்டின் நெற்றிக்கும் கண்ணோரத்துக்கும் ஊசி போட்டேன். பிறகு கொஞ்சம் கீழே இறங்கி, உதட்டோரத்தைத் தூக்கும் தசைகளில் பக்கத்துக்கு ஒரு துளி. வாயைச் சுற்றியும் கொஞ்சம்.

சில நாளில் ஒஸ்லோவிலிருந்து போன். “வாய் என்னமோ கனமா இருக்குக்கா.”

“பழகிடும்” என்றேன்.

பிறந்தநாளன்று பாதாம் கேக்கை வெட்டியதும் இங்வில்ட் பாதிரியார் கதையைத் தொடங்கினாள். முகம் பீங்கான் தட்டு போல அசையாமல் இருந்தது. அம்மா வெகுநேரம் உற்றுப் பார்த்தாள்.

“இவளுக்கு எம் மேல என்ன கோவம்?”

“கோவம் இல்லம்மா” என்றாள் இங்வில்ட். உதடுகள் ஒட்டிக்கொண்டு அசைந்தன. அம்மா என் பக்கம் திரும்பினாள். “என்னடி சொல்றா?”

நான் நிதானமாக, உதட்டை நன்றாகப் பிரித்துச் சொன்னேன்: “ரயிலுக்கு நேரமாச்சாம்.”

பக்கத்தில் இருந்த இங்வில்டுக்குக் காது நன்றாகக் கேட்கும். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று சொல்வது கடினம். முகம் அவ்வளவு வழவழப்பாக இருந்தது.

அடுத்த முறை அவள் வந்தபோது அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முதல் பனி விழுந்த வாரத்தில் இறந்துபோனாள். வசந்தத்தில் இங்வில்டின் முகம் திரும்பி வந்தது, எல்லாச் சுருக்கங்களோடும்.

கை தவறியதா என்று நீங்கள் கேட்கலாம். என் கை தவறியதே இல்லை. நினைத்த இடத்தில்தான் போட்டேன்.

கடைசி நாட்களில் அம்மா என் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைவிடப் பெரிய பாசம் இருக்க முடியாது.