பேப்பர் கேட்ட பெண்

தேனியிலிருந்து உத்தமபாளையம் போகும் பேருந்தில், எனக்கு முன்சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள். ஒருத்தி கம்பெனி இன்டர்வியூ முடிந்து வருகிறாள். மற்றவள் வேறு கல்லூரித் தோழி.

"லேப்டாப்பக் குடுத்து புரோகிராம் எழுதச் சொன்னாக. பேப்பர் குடுங்க சார்னு கேட்டுப்புட்டேன்டி."

"ஏன்டி?"

"மூணு வருசமா பரீட்சையில அப்படித்தான எழுதுனேன்? அவுட்புட்டக்கூட பென்சில்ல கட்டம் போட்டு எழுதித் தாரேன்னேன். சிரிச்சுட்டாக."

"நீதான லேப்ல ஃபர்ஸ்ட்டு?"

"அது ரெக்கார்டு நோட்டு அழகா இருக்குன்னு போட்ட மார்க்கு. நாலு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். கீபோர்டு எங்க கிளாஸ் சபீனா கையில, நோட்டு என் கையில."

"அப்ப வேலை?"

"சபீனாவுக்குத்தான்."

சின்னமனூரில் கூட்டம் ஏறியது. அந்தச் சத்தத்திலும் அடுத்தது தெளிவாகக் கேட்டது.

"ஆனா அவ ஒரு பக்கம்கூட ரெக்கார்டு எழுதல. நோட்டு வைக்காம பரீட்சைக்கு விட மாட்டோம்னுட்டாக காலேஜுல. டிகிரி இல்லைன்னா கம்பெனியில எடுக்க மாட்டாக."

"பாவம், என்ன செய்வா?"

பழுப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்று பையிலிருந்து வெளியே வந்தது.

"இந்தா, அவ நோட்டு. நாளைக்குள்ள முடிக்கணும். நான் எழுதுறேன், நீ கட்டம் மட்டும் போட்டுக் குடு."