டயர் இல்லாத வண்டிக்குப் பூஜை

பாடியில் ஆவடி பஸ் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பேர். ஒருவர் மடியில் புது பெட்ரோல் டியூப் சுருட்டி இருந்தது.

"போட்டுக்கு மட்டும் சூடம் காட்டிடாதே மாமே," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

ஆவடி பஸ்ஸில் போட்டு, அதாவது படகு, என்றால் யார்தான் காதைத் தீட்ட மாட்டார்கள்?

"ஏன்? வெள்ளத்துக்குன்னு தெருவே சேர்ந்து வாங்கினது. இன்னிக்குப் பூஜை."

"பழைய போட்டு, டியூப் வெடிச்சு ஒழுவிகினு கீது. பெட்ரோல் ஆவி மேல போவாது, அடியிலயே தேங்கி நிக்கும். பெயிண்ட் ஷாப்ல வேல செய்றேன், எனக்குத் தெரியும். ஒரு பொறி போதும்."

டியூப்காரர் பதறிப்போய் வீட்டில் மனைவிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரும் ஆன் ஆகிவிட்டது.

"இன்னாமே, சூடம் ஏத்திட்டியா?"

"இன்னும் இல்ல. பெட்ரோல் நாத்தம் தாங்கலன்னு போட்டுக்குள்ள ஊதுவத்தி கொளுத்தப் போறேன்."

"கொளுத்தாதே. தீப்பெட்டிய ஊட்டுக்குள்ள வை. மேல மூடின தார்ப்பாய எடுத்துட்டு, எல்லாரும் தள்ளிப் போங்க. நல்லா காத்தாடட்டும்."

கொஞ்சம் பொறுத்து அந்த அம்மாள் குரல் வந்தது.

"எடுத்தாச்சு. சூடமும் கூடாது, எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்க டயரும் இல்ல. இன்னா வண்டிய்யா வாங்கியாந்தே?"