மின்விசிறி சுழலாத அறையின் தலைவிக்கு

கட்டுரைக் கலையின் காவலரே! கலங்கி வந்தோரைக் கரைசேர்த்த கருணையே! சொல் ஒன்றும் சோடை போகாமல் சோதித்துப் பார்க்கும் சிவப்புப் பேனாவின் சொந்தக்காரரே! எங்கள் கல்லூரியின் கட்டுரைப் பயிற்சி அறையை இத்தனை காலம் கட்டி ஆண்டு, இன்று பணி நிறைவு பெறும் பெருந்தகையே! வணக்கம்.

அஞ்சி அஞ்சித்தான் இம்மடலை வாசிக்கிறோம் என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல. நீங்கள் மேடையில் அமர்ந்திருப்பீர்கள், கைப்பை மடியில் இருக்கும், பேனா அதற்குள் இருக்கும் என்பது இதை எழுதும்போதே எங்களுக்குத் தெரியும். முதல் வரிசையில் உங்கள் வீட்டுக்காரர் எங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார் என்பதும் தெரியும்.

அச்சம் அகற்றிய அன்னையே என்று அழைக்க ஆசைதான். ஆனால் மாணவரை வாசற்படியிலேயே நிறுத்தி, "என்ன சொல்ல வர்ற? ஒரே மூச்சுல சொல்லு, அப்புறம் உட்காரலாம்" என்று நீங்கள் கேட்கும்போது, வராந்தாவில் போகும் ஆசிரியர்களான நாங்களே நடையை எட்டிப் போடுவோம். கேட்கப்பட்ட கேள்வியைத் தன் சொல்லில் சொல்லி, அதற்குத் தன் பதிலையும் சொன்னவருக்கே நாற்காலி. பிறகு அந்த நீண்ட மேசை, அதன்மேல் காகிதத் துண்டுகள். துண்டுக்கு ஒரு காரணம், காரணத்துக்குக் கீழே அதன் ஆதாரம். ஆதாரமில்லாத காரணம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஜன்னல் திட்டுக்குப் போய்விடும். பிறர் வரியை எடுத்தாண்டால், "இது யாரு சொன்னது? எந்தப் பக்கம்?" என்று கேட்காமல் விட்டதில்லை. ஒரு துண்டு அடுத்த துண்டைக் கைபிடித்து அழைத்து வரும்வரை இடம் மாற்றி மாற்றி வைக்கச் சொல்வீர்கள். அதுவரை எழுத விடமாட்டீர்கள். முன்னுரையோ கடைசியில்தான். "யாரு வர்றாங்கன்னே தெரியாம எப்படிம்மா வரவேற்ப?" என்பீர்கள்.

அந்தத் துண்டுகள் பறந்துவிடக் கூடாது என்றே உங்கள் அறையில் மின்விசிறி சுழன்றதில்லை. சுவிட்சின்மேல் நீங்களே ஒட்டிய தாள் பழுப்பேறிக் கிடந்தது. வியர்த்து வியர்த்துத்தான் எங்கள் மாணவர்கள் தெளிந்தார்கள்.

இனி சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் எழுந்துவிடக் கூடாது. நேற்று விழாவுக்காக அறையை அலங்கரிக்கப் போன நம் நூலகர், புழுக்கம் தாங்காமல் அந்தத் தாளைப் பிய்த்து, விசிறியைப் போட்டுவிட்டார். மேசைமேல் இருந்தது, தோழிகள் சோடாபுட்டி என்று அழைக்கும் இறுதியாண்டு மாணவி துண்டுகளாக அடுக்கி வைத்திருந்த கட்டுரைத் திட்டம்; துண்டுகள் எல்லாம் பறந்தன. ஏற்கெனவே ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்ட கட்டுரை. வருகிற வெள்ளிக்கிழமை கொடுக்காவிட்டால் அவளுக்கு ஓர் ஆண்டு வீண். "ஐயோ, போச்சு!" என்று நூலகர் போட்ட சத்தத்தில் துறையே கூடிவிட்டது. பெரிய பெரிய பட்டம் பெற்ற நாங்கள் தரையில் தவழ்ந்து துண்டுகளைப் பொறுக்கினோம். எல்லாம் கிடைத்துவிட்டன, வரிசைதான் தெரியவில்லை. எது முதலில், எது எதற்கு ஆதாரம் என்று ஆளுக்கொன்று சொன்னோம். "அக்காவைக் கூப்பிடலாமா?" என்றார் ஒருவர். "இன்னைக்குக் கூப்பிடலாம். திங்கட்கிழமை யாரைக் கூப்பிடுவீங்க?" என்றார் இன்னொருவர். அப்போது பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

வேறு வழியின்றி அவளுக்கே ஆள் அனுப்பினோம். வந்தவள் வாசற்படியில் நின்று மேசையைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. அழுதுவிடுவாளோ என்று நூலகர் அவசரமாக நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஒரே மூச்சில், "பசங்க காலையில சாப்பிடாம பள்ளிக்கூடம் வர்றது பசி இல்லாததால இல்ல, அந்த நேரத்துல வீட்ல பெரியவங்க யாரும் இல்லாததால" என்றாள். பிறகு மேசைக்கு வந்து, துண்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள். இரண்டை மட்டும் எடுத்துப் போய் ஜன்னல் திட்டில் வைத்தாள். ஏன் என்று கேட்டோம். "இதுக்கு ஆதாரம் பத்தாது சார். மேடம் இன்னும் பாக்கல. பாத்தா விடமாட்டாங்க" என்றாள்.

உங்களுக்கு இது நிம்மதி தரும் செய்தி. எங்களுக்கு அப்படியில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை அந்தப் படியில் வந்து நிற்கப்போகும் புதியவர்களுக்குத் தெரியாது. அவர்களைக் கேட்க வேண்டியவர்கள், தரையில் தவழ்ந்த நாங்கள்.

இந்த மடலையும் முன்னுரையிலிருந்தே தொடங்கிவிட்டோம். உங்கள் அறையில் இது நடந்திருக்காது. எனவே வாசற்படிக்குத் திரும்பிப் போய், சொல்ல வந்ததை ஒரே மூச்சில் சொல்கிறோம். நீங்கள் போவது எங்களுக்குப் பயமாக இருக்கிறது, இருந்தாலும் அந்தக் கதவைத் திறந்து, விசிறியைப் போடாமல், வந்து நிற்பவரிடம் நீங்கள் கேட்டதையே கேட்போம்.

நோய் அண்டாமல் நெடுங்காலம் வாழ்க! உங்கள் வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்திருக்க, விசிறிகள் எல்லாம் முழு வேகத்தில் சுழல, இத்தனை ஆண்டும் வாங்காத காற்றையெல்லாம் சேர்த்து வாங்கி வாழ்க!

முதல் பத்தியின் அடைமொழிகளை மறுபடி படித்துப் பார்த்தோம். அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் நாங்கள் யாரும் உங்களை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவை ஜன்னல் திட்டுக்குப் போகட்டும். கடைசியில் எழுத வேண்டிய முன்னுரையை இப்போது எழுதுகிறோம்.

அக்கா, வணக்கம்.

பயத்தோடும் அன்போடும்,
கட்டுரைப் பயிற்சி அறையின் ஆசிரியர்களும் அலுவலர்களும்,
சுவிட்சின்மேல் புதுத் தாள் ஒட்டிவிட்ட நூலகரும்